கொஸ்லந்தைக்கு வழி என்ன?

கட்டுநாயக்க விமான நிலையத்தின் வெளிவாயிலில் ஓர் இரவு நின்று பார்ப்போர் இரு வகைப் பயணிகளைக் காண்பர். ஒருவர் எல்ல நகருக்கு உல்லாசப் பயணமாக வந்த வெளிநாட்டவர். தம் நாட்டில் இருக்கும்போதே அவர் காருக்கு ஒழுங்கு செய்துவிட்டார். கூலி எவ்வளவு, வண்டி எது, சாரதி யார், விமானம் தாமதித்தால் எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்பன யாவும் எழுத்தில் அவர் கையில் உள்ளன. அவர் பெயர் எழுதிய அட்டையை ஏந்தியபடி சாரதி வாயிலில் நிற்கிறார். மற்றவர் வளைகுடா நாடொன்றில் ஈராண்டு காலம் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பும் தோட்டத்துப் பெண். அவரும் ஊவாவுக்கே செல்ல வேண்டும். இருவரும் இரத்தினபுரி, பலாங்கொடை வழியாகச் சென்றால் பெரகலைச் சந்திவரை ஒரே வீதிதான். ஆயினும் முதலாமவருக்கு எல்லாம் முன்கூட்டியே முடிந்த காரியம். இரண்டாமவருக்கோ எல்லாம் கேள்விக்குறி.

இஃது ஒரு சிறு விஷயம் என்று சிலர் எண்ணக்கூடும். நாட்டில் எத்தனையோ பெரிய பிரச்சினைகள் இருக்க, வாடகைக் காரைப் பற்றி ஓர் அரசியல் வார இதழ் எழுத வேண்டுமா என்றும் கேட்கக்கூடும். வேண்டும் என்றே நாம் சொல்லுகிறோம். அந்நியச் செலாவணி இன்றி எரிபொருளுக்கு வரிசையில் நின்று 2022ஆம் ஆண்டில் இந்நாடு பட்ட பாட்டை எவரும் மறந்திருக்க முடியாது. 2024ஆம் ஆண்டில் உல்லாசப் பயணிகளால் இந்நாட்டுக்குக் கிடைத்தது 310 கோடி டொலருக்குச் சற்று மேல். அதே ஆண்டில் வெளிநாடுகளில் உழைக்கும் நம்மவர் அனுப்பிய பணமோ 650 கோடி டொலருக்கு மேல். இரு மடங்கு ஈட்டித் தருபவர் இவர். வரவேற்பும் வசதியும் பெறுபவர் அவர். விருந்தினரை உபசரிப்பது நம் பண்பாடு. அதில் நமக்குக் குறையில்லை. வீட்டுக்கு வரும் மகளை வாசலில் நிறுத்திவிட்டு விருந்தினரை உபசரிப்பது எந்தப் பண்பாடு என்பதே நம் கேள்வி.

தோட்டங்களில் நடப்பதைச் சொல்லுகிறோம். மகள் வருகிறாள் என்ற செய்தி வந்தவுடன் வீட்டில் முதலில் எழும் பேச்சு வேனைப் பற்றியதே. கடைவீதியில் வேன் வைத்திருப்பவரிடம் தகப்பன் போகிறார். கூலி வாய்மொழியாகப் பேசப்படுகிறது. கையில் பணமில்லை, ஆகவே வட்டிக்கு வாங்கப்படுகிறது, அல்லது மகள் கொண்டுவரும் பணத்தில் தருவதாகத் தவணை சொல்லப்படுகிறது. தாய், பிள்ளைகள், சித்தப்பா, அயல் லயத்துக்காரர் என்று வண்டி நிறைய ஆட்கள் ஏறுகிறார்கள். இதனை ஆடம்பரம் என்று எள்ளுவோர் உளர். ஈராண்டு தாயைக் காணாத பிள்ளை அவள் முகத்தை ஒரு மணி முன்னதாகப் பார்க்க விரும்புவது ஆடம்பரமாகுமா?

கணக்கைப் பாருங்கள். கட்டுநாயக்கவுக்கும் கொஸ்லந்தைக்கும் இடையே இருநூறு கிலோமீற்றருக்கு மேல். வேன் வெறுமையாக இறங்கி, ஆளை ஏற்றித் திரும்பினாலும் நானூறு கிலோமீற்றருக்குக் கூலி கொடுத்தே ஆகவேண்டும். கிலோமீற்றருக்கு 100 ரூபா என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 40,000 ரூபா ஆகிறது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா. அந்தக் கணக்கில் இந்த ஓரிரவுப் பயணம் முப்பது நாள் கொழுந்துக்குச் சமம். மாதத்தில் எல்லா நாளும் வேலை கிடைக்காத தோட்டத்தில் முப்பது நாட்சம்பளம் என்பது ஒரு மாதத்தில் முடிவதன்று. சம்பளம் அதன்பின் சற்று உயர்ந்தாலும் இச்சுமை பெரிதும் இறங்கிவிடாது. இதற்கு மேல் காத்திருப்புக் கூலி, அதிவேக வீதிக் கட்டணம், சாரதியின் சாப்பாடு என்று வழியில் முளைப்பவை வேறு. முன்பு பேசாத ஒவ்வொன்றும் வீட்டு வாசலில் வந்து நின்று சண்டையாகிறது. மகள் வந்த மகிழ்ச்சியின் முதல் நாளே கசந்துபோகிறது.

சாரதிகளை நாம் குற்றஞ்சாட்டவில்லை. அவர்களும் உழைப்பாளிகளே. வண்டிக்கு மாதத் தவணை கட்ட வேண்டும். எண்ணெய் விலை அவர்கள் கையில் இல்லை. வெறுமையாக ஓடும் தூரத்துக்கும் எவராவது பணம் தரத்தான் வேண்டும். வெலிமடையிலும் பண்டாரவளையிலும் மரக்கறி பயிரிடும் நம் விவசாயிகளுக்கு இது நன்கு தெரிந்த நியாயம். கொழும்புக்குப் போன லொறி வெறுமையாகத் திரும்பினால் அந்தக் கூலியும் கோவாவின் தலையிலும் லீக்ஸின் தலையிலுந்தானே ஏறுகிறது?

இதனினும் பெரிய பொருள் உயிர். பகல் முழுவதும் ஊரில் ஓடிய சாரதி, மாலையில் மலை இறங்கி, நள்ளிரவில் ஆளை ஏற்றி, விடியற்காலையில் மீண்டும் மலை ஏறுகிறார். ஊவாவின் வளைவுகள் தூக்கக் கலக்கத்தை மன்னிப்பவை அல்ல. 2025 செப்டெம்பர் 4ஆம் தேதி இரவு எல்ல–வெல்லவாய வீதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் மாண்டதை நாம் மறக்கவில்லை. அவர்களும் வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்களே. மற்றொன்றும் சொல்ல வேண்டும். சொந்தப் பாவனைக்கென்று காப்புறுதி செய்த வண்டியை வாடகைக்கு ஓட்டினால், விபத்து நேரும்போது காப்புறுதி நிறுவனம் கைவிரித்துவிடக்கூடும். இந்தக் கேள்வியை நம் குடும்பங்களில் எத்தனை பேர் கேட்கிறார்கள்? கேட்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்?

அரசாங்கத்துக்கு இந்த வழி தெரியாதா? நன்றாகத் தெரியும். 2014 ஒக்டோபர் 29ஆம் தேதி காலை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, அமைச்சர்களின் கார்களும் இராணுவ வண்டிகளும் செய்தியாளர் வண்டிகளும் கொஸ்லந்தைக்கு வழி கண்டுபிடித்தன. இன்னும் பின்னே போவோம். 1948இல் குடியுரிமைச் சட்டம் நம்மவரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் தேதி செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு கட்டியது. அனுப்புவதற்கு அன்று வாகனத்துக்குப் பஞ்சமிருந்ததா? மலைநாட்டு நிலையங்களிலிருந்து, நம் மக்கள் ‘கோச்சி’ என்று அழைக்கும் புகையிரதம் அவர்களைச் சுமந்து தலைமன்னாருக்குச் சென்றது. அங்கே கப்பல் காத்திருந்தது. போகச் சொல்வதற்கு அத்தனை ஒழுங்கு செய்யத் தெரிந்த ஓர் அரசு இயந்திரத்துக்கு, உழைத்துப் பொருளோடு திரும்பி வருபவரை வீடு சேர்க்க மட்டும் ஒழுங்கு செய்யத் தெரியாதென்றால் அதனை எப்படி நம்புவது?

வேறு இடங்களில் இது செய்யப்பட்டிருக்கிறது. டெல்லி விமான நிலையத்தில் காவல் துறையின் மேற்பார்வையில் முன்கட்டண வாடகைக் கார் முறை நடக்கிறது. பயணி ஊரின் பெயரைச் சொல்லிக் கருமபீடத்தில் பணம் கட்டிச் சீட்டுப் பெறுகிறார். ஊர் சேர்ந்தபின் சீட்டைச் சாரதியிடம் கொடுக்கிறார். பேரத்துக்கு இடமில்லை. கேரளத்தில் வளைகுடாவில் உழைத்தவர்களும் பிற நாடுகளில் வாழ்ந்தவர்களும் தந்த பணமும் சேர்ந்து 1999இல் கொச்சி நெடும்பாசேரியில் ஒரு விமான நிலையமே எழுந்தது. தம் உழைப்பாளிகள் வந்துபோகும் வாயிலை ஒரு சமூகம் தன் சொந்தப் பொறுப்பாகக் கருதினால் என்ன நடக்கும் என்பதற்கு அது சான்று.

இங்கேயும் ஒரு விமான நிலையம் எழுந்தது. 20 கோடி டொலருக்கு மேல், பெரும்பகுதி சீனக் கடனாகப் பெற்று, 2013 மார்ச் 18ஆம் தேதி மத்தளையில் திறந்தார்கள். கொஸ்லந்தையிலிருந்து வெல்லவாய வழியாக மத்தளைக்குள்ள தூரம் கட்டுநாயக்கவுக்குள்ள தூரத்தில் பாதியும் இல்லை. ஊவா முழுவதற்கும் அது அண்டைவீடு. ஆனால் அங்கே விமானங்கள் தங்கவில்லை. 2018இல் துபாய் நிறுவனமும் தன் சேவையை நிறுத்திக்கொண்டது. அதன் களஞ்சிய அறைகளில் ஒரு காலத்தில் நெல் சேமித்த கதையை விவசாயிகள் அறிவார்கள். வளைகுடாவுக்கும் மத்தளைக்கும் இடையே வாரத்துக்கு ஒரு விமானமேனும் ஒழுங்காக ஓடினால் பதுளை, மொனராகலை மாவட்டங்களின் தொழிலாளர் எத்தனை பேருக்கு ஓரிரவுத் தூக்கமும் ஒரு மாதச் சம்பளமும் மிஞ்சும்! உல்லாசப் பயணிகளை மட்டுமே மனத்தில் வைத்துப் போட்ட கணக்கில் இந்த மக்கள் சேர்க்கப்படவில்லை.

ஆகவே நாம் கேட்பது மிகையானதன்று. கட்டுநாயக்கவின் வெளிவாயிலில் ஒவ்வொரு மாவட்டத்துக்குமுரிய வாடகைக் கூலிப் பட்டியல் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பெரிய எழுத்தில் தொங்க வேண்டும். 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தால் அரசகரும மொழியான தமிழுக்கு இது சலுகையன்று, உரிமை. பணத்துக்குச் சீட்டு, தெரிந்த மொழியில் தரப்பட வேண்டும். வளைகுடா விமானங்கள் இறங்கும் நேரத்துக்கு இசைய, விமான நிலையத்திலிருந்து இரத்தினபுரி, பெரகலை வழியாகப் பதுளைக்கும் வெல்லவாயவுக்கும் போக்குவரத்துச் சபை நேர் பஸ் வண்டிகளை ஒழுங்காக ஓட்ட வேண்டும். 1958 ஜனவரி 1ஆம் தேதி பஸ் வண்டிகளை நாட்டுடைமையாக்கியபோது சொல்லப்பட்ட பொதுநலம் என்ற சொல்லுக்கு இதனைவிட நேரான பொருள் வேறில்லை. புறப்படும்போது தொழிலாளியிடம் பதிவுக் கட்டணம் பெறும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம், திரும்பும் நாளில் அவர் வீடு சேரும் பயணத்தையும் தன் கடமைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

அரசாங்கம் செய்யும்வரை நாம் கைகட்டி இருப்பதா? அதுவும் கூடாது. கொஸ்லந்தை, பூனாகலை, அப்புத்தளைப் பகுதிகளில் வேன் வைத்திருப்போர் ஒரு கூட்டுறவுச் சங்கமாகச் சேரலாம். இன்று வெளிநாடு செல்பவரை இறக்கும் வண்டியே இன்று வருபவரை ஏற்றித் திரும்பினால் வெறும் ஓட்டம் ஒழியும். ஒரே வாரத்தில் வரும் இரு குடும்பத்தார் முன்கூட்டியே பேசி நாளைப் பொருத்திக்கொண்டால் கூலி பாதியாகும், சாரதிக்கும் குறையாது. நெடுந்தூர ஓட்டத்துக்கு முன் சாரதி உறங்கியிருக்க வேண்டும் என்பதைச் சங்கத்தின் முதல் விதியாக எழுதிக்கொள்ளட்டும்.

நகரங்களில் இருக்கும் நம் ஆசிரியர்களையும் வழக்கறிஞர்களையும் எழுதுவினைஞர்களையும் இங்கே விசேடமாக அழைக்கிறோம். கைத்தொலைபேசியில் ஊரையும் நேரத்தையும் குறித்து வண்டி அழைக்கவும், கூலியை முன்பே அறியவும் இன்று வசதி உண்டு. அது நல்ல வசதியே. ஆனால் அதனைக் கையாளப் பழகாத தாய் தகப்பன்மாருக்கு அது பூட்டிய பெட்டி. அதனைத் திறந்து காட்ட உங்களுக்கு அரை மணி போதும். வேன் பேசும்போது ஒரு தாளில் சில வரிகள் எழுதிக் கொடுங்கள்: மொத்தக் கூலி எவ்வளவு, எந்த வழி, 2020 பெப்ரவரியில் மத்தளைவரை நீட்டப்பட்ட தென் அதிவேக வீதியால் சுற்றிப் போவதானால் அதன் கட்டணம் யாருடையது, விமானம் தாமதித்தால் என்ன கணக்கு, வண்டியின் இலக்கம் என்ன, வாடகை ஓட்டத்துக்குக் காப்புறுதி உண்டா, சாரதியின் அனுமதிப்பத்திரம் செல்லுமா. இரு பக்கத்தாரும் அதில் ஒப்பமிடட்டும். ஐரோப்பியப் பயணியின் கையிலுள்ள எழுத்துக்கு உள்ள மதிப்பு அந்தத் தாளுக்கும் உண்டாகும்.

உரிமை என்பது பாராளுமன்றத்தில் மட்டும் பெறப்படுவதன்று. விமான நிலைய வாயிலிலும், வேன் கதவண்டையிலும், பெரகலை வளைவிலும் அது ஒவ்வொரு நாளும் இழக்கப்படுகிறது அல்லது காக்கப்படுகிறது. தியலும நீர்வீழ்ச்சியைக் காணவரும் விருந்தினர் சுகமாகப் போய்ச் சேரட்டும். அதே வீதியில், அதே இரவில், நம் மகளும் சுகமாக வீடு சேர வேண்டும்; என்ன கூலி என்று முன்பே தெரிந்து, கடனில்லாமல், விழித்திருக்கும் சாரதியோடு சேர வேண்டும். இதற்கு உரியவர்கள் என்ன பதில் சொல்லப் போகிறார்கள்? நாம் காத்திருக்கிறோம்; காத்திருக்கும்போதே நம் கடமையையும் செய்வோம்.