வீட்டுக்குள் தொலைந்த முகவரி

ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு முகவரியின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. புனேக்கு வந்த புதிதில் கேஸ் இணைப்புக்கும் ரேஷன் கார்டுக்கும் முகவரிச் சான்று கேட்டு எத்தனை முறை அலைந்திருப்போம்! நம் வீட்டுக் கணிப்பொறிக்கும் அதே பாடுதான் என்பதை நம்மில் பலர் அறிவதில்லை. "நெட் வரவில்லை" என்று நாம் அலுத்துக்கொள்ளும்போது, பல சமயம் நெட் வாசல் வரை வந்து நிற்கிறது. உள்ளே இருக்கும் இயந்திரத்துக்குத்தான் முகவரி கிடைக்கவில்லை.

இதை எழுதத் தூண்டியது கிர்க்கியில் உள்ள நண்பர் ஒருவர் வீட்டில் நடந்தது. ஒரு நாள் நெட் நின்றது. பழுது பார்க்க வந்தவர் வைரஸ் என்று சொல்லி, கணிப்பொறியை ஃபார்மட் செய்து, கூலியும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நண்பருடைய தகப்பனாரின் சதாபிஷேகப் படங்கள் அதில்தான் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை. ஃபார்மட் ஆன பிறகும் நெட் வரவில்லை! மறுநாள் நான் போய்ப் பார்த்தேன். அதன் முகவரி 169.254 என்று தொடங்கியது. ரூட்டரை அணைத்து, அரை நிமிடம் கழித்துப் போட்டேன். எண் 192.168 என்று மாறியது, நெட்டும் வந்தது. நண்பர் மகிழ்ச்சி அடையவில்லை. "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த எண்ணுக்கு என்ன பொருள்? சென்னையில் திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கிய அன்பர்களுக்கு எளிதில் விளங்கும். புதிதாக வருபவர் "ரூம் இருக்கிறதா?" என்று கேட்பார். மேனேஜர் காலியான அறையின் எண்ணைச் சொல்லி, இத்தனை நாளைக்கு என்று ஏட்டில் குறித்துக்கொள்வார். வீட்டில் அந்த மேனேஜர் வேலையை ரூட்டர் பார்க்கிறது. இந்த முறைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். 1993-இல் வகுக்கப்பட்டு 1997-இல் திருத்தப்பட்ட இதுவே இன்றும் வீடுகளிலும் அலுவலகங்களிலும் நடப்பில் உள்ளது. மேனேஜர் பதிலே சொல்லாவிட்டால் விண்டோஸ் தானாக 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணை வைத்துக்கொள்ளும். அறை கிடைக்காதவர் வராந்தாவில் பாய் விரித்துப் படுப்பது போலத்தான். பக்கத்துப் பாய்க்காரரோடு பேசலாம், தெருவுக்குப் போக முடியாது.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது இந்தக் கவலை இல்லை. மோடம் கீச்சிட்டு இணைந்ததும் அவர்களே ஒரு முகவரி தந்தார்கள். வீட்டுக்கு ஒரு கணிப்பொறி இருந்தாலே பெரிது. இன்று கைபேசிகள், டி.வி., பிரிண்டர், காமிரா என்று ஒரு சாதாரண வீட்டிலேயே பத்து உருப்படிகள் எண் கேட்டு நிற்கின்றன. பழைய முறையில் உலகம் முழுமைக்கும் சுமார் 429 கோடி முகவரிகளே உண்டு. 2011 ஏப்ரலிலேயே ஆசிய பசிபிக் பகுதியின் கையிருப்பு கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. அதனால்தான் உள்வீட்டுப் புழக்கத்துக்கென்று ஒதுக்கிய 192.168, 10 போன்ற வரிசைகள் நமக்கு. உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் ஒரே எண் இருக்கலாம், தவறில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே எண் இருந்தால்தான் வம்பு.

இங்கேதான் என் சண்டை. அரைகுறையாகக் கற்றவர்கள் சொல்லும் வைத்தியம் ஒன்று உண்டு: "கையாலேயே எண்ணைப் போட்டுவிடுங்கள், தொல்லை விட்டது." விடாது. போசரியில் நான் கணக்கு எழுதும் சிறிய பட்டறையில் பிரிண்டருக்கு 192.168.1.10 என்று கையால் போட்டிருந்தார்கள். ரூட்டருக்கு அது தெரியாது. அதன் ஏட்டில் 10 காலி அறை. வியாழக்கிழமை மராமத்துக்காக மின்சாரம் போய்த் திரும்பினால், பிரிண்டரை யாராவது போடுவதற்குள் ஒரு லேப்டாப் அந்த 10-ஐ வாங்கிக்கொள்ளும். அப்புறம் பில் அச்சாகாது. வாசலில் சரக்கேற்றிய லாரி, உள்ளே ஆளுக்கொரு கூச்சல். புதுப் பிரிண்டர் வாங்க விலைகூடக் கேட்டுவிட்டார்கள்! கடைசியில் ரூட்டரின் ஏட்டிலேயே "10 பிரிண்டருக்கு" என்று ஒதுக்கி வைத்தோம். ரிசர்வேஷன் என்று அந்தப் பகுதிக்குப் பெயர். பிறகு அந்தச் சண்டை இல்லை. எண் கொடுப்பவர் ஒருவராகவே இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி.

இதையே மீறும் இன்னொரு பழக்கம், படுக்கையறைக்கும் நெட் எட்டட்டும் என்று பரணில் கிடந்த பழைய ரூட்டரை இறக்கி மாட்டுவது. இப்போது ஒரே மேன்ஷனுக்கு இரண்டு மேனேஜர்கள். ஒருவர் சரியான வாசலைக் காட்டுவார், மற்றவர் சுவரைக் காட்டுவார். சில இயந்திரங்களுக்கு நெட் வரும், சிலவற்றுக்கு வராது. நாளைக்கு அதுவே மாறிப்போகும். இரண்டாவது ரூட்டரில் டி.எச்.சி.பி.யை அணைத்து, அதற்கு வேறு எண் தந்தால் தீர்ந்தது. வாடிக்கையாளருக்கு வைஃபை தரும் மெஸ் வைத்திருப்போர் குத்தகைக் காலத்தை ஒரு மணி நேரமாகக் குறைத்துக்கொண்டால் எண்கள் தீர்ந்துபோகாது.

"இதெல்லாம் நமக்கெதற்கு, பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்" என்பார்கள். ஹிஞ்சவாடியில் வேலை பார்க்கும் பிள்ளை இரவு ஒன்பதுக்கு வருகிறான். நியூஜெர்சியில் இருப்பவனை வீடியோவில் கூப்பிடவே நெட் வேண்டும்!

ஆகவே ஃபார்மட் என்ற வார்த்தை காதில் விழுந்தால், "முதலில் ஐ.பி. முகவரி என்னவென்று காட்டுங்கள்" என்று கேளுங்கள். விண்டோஸில் சி.எம்.டி. என்னும் கறுப்புத் திரையைத் திறந்து, ஆங்கில எழுத்தில் ஐபிகான்ஃபிக் என்று சேர்த்துத் தட்டினால் எண் தெரியும். 169.254 என்றால் ரூட்டரை அணைத்துப் போட்டுப் பாருங்கள். அதே வைஃபையில் கைபேசிக்கு ஒழுங்கான எண் கிடைத்து, கணிப்பொறிக்கு மட்டும் கிடைக்காவிட்டால் கோளாறு கணிப்பொறியில். யாரோ கையால் எண் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் 192.168 என்று சரியாக இருந்தும் எதிலும் நெட் இல்லையென்றால், பெரும்பாலும் கோளாறு வெளியில். கம்பெனிக்குப் போன் செய்யலாம்.

செயற்குழு இசைந்தால், ஒரு ஞாயிறு மாதக் கூட்டம் முடிந்ததும் ஒரு மணி நேரம் இதைச் செய்து காட்ட நான் தயார். வருகிறவர்கள் வீட்டு ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படம் எடுத்து வாருங்கள். பாஸ்வேர்டு வரியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு எடுங்கள்.