பெட்டி போச்சு, சாதி போகல

போன மாதம் கோட்டுச்சேரி டீக்கடையில் ஒரு தம்பியைப் பார்த்தேன். எங்கள் திருவேட்டக்குடித் தெருப் பையன். சிவில் டிப்ளமா படித்தவன். அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். "அண்ணே, ஒரு வாய்க்கால் வேலைக்கு டெண்டர் போடலாம்னு பாத்தேன். சொத்து மதிப்புச் சான்று கேக்குறாங்க. நமக்கு ஏதுண்ணே சொத்து? இப்ப அந்த வேலைய எடுத்தவருகிட்டயே மேஸ்திரியா நிக்கிறேன்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குடிசை எரிந்தால் எழுதுகிறோம். இரட்டைக் குவளையைப் பற்றி எழுதுகிறோம். அரசு ஒப்பந்தம் பற்றி எழுதியதில்லை. 'காண்ட்ராக்டர் சமாச்சாரம் நமக்கெதுக்கு, அது முதலாளிகள் பிரச்சினை' என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். 1942 அக்டோபரில் வைசிராய் லின்லித்கோவிடம் அண்ணல் அம்பேத்கர் கொடுத்த மனுவை அவர்கள் எடுத்துப் பார்க்கட்டும். கல்வி, வேலை ஆகியவற்றோடு பொதுப்பணித் துறை ஒப்பந்தங்களில் நமக்குப் பங்கில்லை என்பதையும் அவர் ஒரு குறையாக எழுதினார். எண்பது வருஷம் தாண்டிவிட்டது. நாம் அதை மறந்துவிட்டோம். ஆதிக்க சாதிகள் மறக்கவில்லை.

ஊரைப் பாருங்கள். 2004 சுனாமிக்குப் பின் இந்தக் கரையோரம் முழுக்க வீடுகள் எழுந்தன. 2010-இல் தொடங்கப்பட்ட தேசியத் தொழில்நுட்பக் கழகம் இன்று எங்கள் ஊரில் நிற்கிறது. ரோடு, வடிகால், பள்ளிக்கூடம் என்று எதை எடுத்தாலும் கலவை சுமந்த தலைகளில் எங்கள் பெண்களின் தலைகள் உண்டு. சுமக்கிற இடத்தில் நாம் இருக்கிறோம். கையெழுத்துப் போடுகிற இடத்தில் இல்லை.

முன்பெல்லாம் டெண்டர் பெட்டியை ஊர்ப் பெரிய மனுசன் ஆள் வைத்து மறிப்பான். இப்போது எல்லாம் கணினி வழி. பெட்டி போச்சு. ஆனால் சாதி நிபந்தனைகளுக்குள் புகுந்துகொண்டது. சொத்துச் சான்று வேண்டும் என்றால், தலைமுறை தலைமுறையாக நிலம் மறுக்கப்பட்டவன் எங்கே போவான்? முன்வைப்புத் தொகை கட்டு என்றால், வங்கி யாருக்குக் கதவு திறக்கும்? கடந்த 7 ஆண்டுகளில் இதே மாதிரி வேலை, டெண்டர் மதிப்பில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் 3 அல்லது 80 விழுக்காட்டில் ஒன்று செய்திருக்க வேண்டும் என்பது மத்திய அரசுப் பணிகளில் பழகிப்போன நிபந்தனை. முதல் வேலையே கிடைக்காதவன் மூன்று வேலைக்கு எங்கே போவான்? நீச்சல் தெரிந்தால்தான் குளத்தில் இறங்கலாம் என்கிற கதை.

அண்மைக் காலத்தில் இன்னும் சில சேர்ந்திருக்கின்றன. சின்னச் சின்ன வேலைகளை ஒன்றாகக் கட்டிப் பெரிய பொட்டலமாக்கி ஏலம் விடுகிறார்கள்; சிறியவன் அப்போதே வெளியே. அரசுக் கட்டுமானப் பணிக்கு 12 ஆக இருந்த ஜி.எஸ்.டி. 2022 ஜூலையில் 18 விழுக்காடானது. பில் பாஸாக மாதங்கள் ஆகும். அதுவரை வட்டிக்கு வாங்கித் தாக்குப்பிடிக்கிறவன்தான் நிற்பான். 2021-இல் கர்நாடக ஒப்பந்தக்காரர் சங்கம் 40 விழுக்காடு கமிஷன் கேட்கிறார்கள் என்று பிரதமருக்கே கடிதம் எழுதியது. பழம் தின்னு கொட்டை போட்டவர்களுக்கே அந்த நிலை என்றால், நேற்று வந்த நம்ம பையன் கதி என்ன?

சட்டமே இல்லையா? இருக்கிறது. மத்திய அரசின் 2012 கொள்முதல் ஆணை, மொத்தக் கொள்முதலில் 4 விழுக்காட்டைத் தலித், பழங்குடித் தொழில்முனைவோரின் சிறு குறு நிறுவனங்களிடம் வாங்கச் சொல்கிறது. பல ஆண்டுகள் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. தவிர, அது பொருளுக்கும் சேவைக்கும்தான். கட்டுமான ஒப்பந்தம் அதில் வராது. நமக்குத் தெரிந்த வேலை எதுவோ அதை வெளியே வைத்துவிட்டுத்தான் பங்கு கொடுத்திருக்கிறார்கள்!

கர்நாடகம் வேறு வழியில் போனது. திருத்திய சட்டத்தின்படி, 50 லட்சம் வரையிலான பணிகளில் தலித்துகளுக்கு 17.15, பழங்குடிகளுக்கு 6.95 விழுக்காடு ஒதுக்கினார்கள். 2023-இல் அந்த வரம்பை 1 கோடியாக்கினார்கள். அமெரிக்காவில் ரிச்மண்ட் நகர மக்களில் பாதிப் பேர் கறுப்பர்களாக இருந்தார்கள். நகராட்சி ஒப்பந்தங்களில் சிறுபான்மையினருக்குக் கிடைத்ததோ 0.67 விழுக்காடு. நகரமன்றம் 30 விழுக்காடு ஒதுக்கியபோது 1989-இல் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. கொடுத்ததைப் பிடுங்குவது எங்கும் உள்ளதுதான். ஆகவே கேட்பதை நிறுத்த முடியாது.

ஆனால் ஒரு விஷயத்தை நமக்குள்ளும் பேசியாக வேண்டும். நம்மில் பத்துப் பேர் காண்ட்ராக்டர் ஆவது மட்டுமா விடுதலை? நம்ம ஆளு டெண்டர் எடுத்து, நம்ம சேரிப் பெண்ணுக்கே ஆண் கூலியில் பாதி கொடுத்தால் அதற்கு என்ன பெயர்? நம்ம பெயரில் லைசென்ஸ், ஆதிக்க சாதிக்காரன் கையில் பணம் என்று பினாமி ஆனால் அது பங்கா, பிச்சையா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அரசு தன் வேலையையே காண்ட்ராக்டரிடம் தூக்கிக் கொடுக்கிறது. காண்ட்ராக்டர் வைக்கிற ஆளுக்கு இடஒதுக்கீடு கிடையாது. நாம் போராடிப் பெற்றது பின்வாசல் வழியாகப் போகிறது. 2025 ஆகஸ்டில் சென்னையில் இரண்டு மண்டலங்களின் குப்பைப் பணியைத் தனியாருக்குக் கொடுத்தபோது, தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் கட்டட வாசலில் 13 நாள் கிடந்தார்கள். நள்ளிரவில் போலீசை விட்டு அப்புறப்படுத்தினார்கள். ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேர் வேலை செய்தாலே பொருந்தும் என்றிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்பில் அது 50 ஆகிவிட்டது. கிராமத்து ஒப்பந்த வேலையில் 50 பேர் எங்கே இருக்கிறார்கள்?

எனவே நம் கோரிக்கை இரண்டு முனையிலும் இருக்க வேண்டும். புதுச்சேரி மக்களில் நாம் 2011 கணக்கெடுப்பின்படி 15.7 விழுக்காடு, 1 கோடி வரையிலான பணிகளில் அந்தப் பங்கைச் சட்டமாக்கு. சொத்துச் சான்றையும் முன்வைப்புத் தொகையையும் நீக்கு. சிறு பணிகளைக் கட்டிப் பொட்டலமாக்காதே. தனி ஆளுக்கு முன்பாகச் சித்தாள் பெண்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கு வேலை கொடு. துப்புரவுப் பணியை எந்தக் காண்ட்ராக்டருக்கும் கொடுக்காதே, அவன் நம்ம ஆளாகவே இருந்தாலும்.

யாரிடம் கேட்பது? புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-இல்தான். அந்தக் காலம் 2011-இல் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் கொம்யூன் பஞ்சாயத்துகளை அதிகாரிகள்தான் நடத்தினார்கள். எழுந்து நின்று கேட்க நம் வார்டு உறுப்பினர்கூட இல்லாமல் போனார்.

அதனால் நாமே தொடங்குவோம். காரைக்கால் கல்லூரி மாணவத் தோழர்களே, 2005 தகவல் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு அலுவலகம் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாண்டில் விட்ட வேலைகள் எத்தனை, எவ்வளவு தொகை, யாருக்கு, அதில் தலித் எத்தனை பேர் என்று பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். வருகிற பதிலை, வராத பதிலையும், இந்தப் பக்கங்களில் அச்சிடுவோம். கணக்கு கையில் வந்த பிறகு தெருவுக்கு வருவோம்.

அந்தத் தம்பியிடம் இதைச் சொன்னேன். "மொத மனுவ நானே எழுதுறேண்ணே" என்றான். இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

ஜெய்பீம்!

– ஆசிரியர்