ஹஜ் பெக்கில் இல்லாத கடதாசி

நோன்புப் பெருநாள் முடிந்து கொஞ்ச நாள் போனால் எங்கட ஊர்களில் 'பயணம் சொல்ல' வருவது தொடங்கிவிடும். அஸருக்குப் பிறகு ஒரு மாமா கேற்றைத் தட்டுவார். புதுச் சாரன், வெள்ளைச் சேர்ட், அத்தர் வாசம். வாப்பா எழும்பிப் போய்க் கட்டிப்பிடித்து ஸலாம் சொல்லுவார்.

"ஹஜ்ஜுக்கு நிய்யத் வெச்சிருக்கன். தெரிஞ்சும் தெரியாமலும் ஏதும் நடந்திருந்தா மாப்புச் செய்யுங்க."

"அப்பிடி ஒண்டும் இல்ல காக்கா. எங்களுக்கும் துஆச் செய்யுங்க."

ஒரு தேத்தண்ணி. பிறகு அடுத்த வீடு. இரண்டு அந்தியில் தெரு முழுக்க முடிந்துவிடும்.

இப்படி வந்த ஒருவரை நாங்கள் சிறு வயதில் இருந்தே அறிவோம். எல்லா வீட்டுக்கும் போனார். தெருக்கோடியில் ஒரு வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அது அவருடைய தங்கச்சியின் வீடு. வாப்பா மௌத்தான பிறகு வயல் காணியை ஆண் பிள்ளைகள் மட்டும் பிரித்துக்கொண்டார்கள். தங்கச்சி ஒரு நாள் தன் பங்கைக் கேட்டா. அன்றோடு பேச்சு நின்றது. ஊருக்கே தெரிந்த கதை. ஆனாலும் அவர் வேனில் ஏறும்போது பள்ளிவாசலில் கூடி நின்று துஆக் கேட்ட எவரும் அந்த வீட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. நாங்களும்தான். ஆமீன் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

அந்த ஆமீன் இன்னும் தொண்டையில் நிற்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

ஹஜ்ஜுக்கு ஆயத்தமாவது என்றால் எங்கட சமூகத்தில் இப்போது என்ன? நல்ல ட்ரவல்ஸ் ஒன்றைப் பிடிப்பது. ஹரத்துக்குப் பக்கத்தில் ஹோட்டலா, மினாவில் ஏசிக் கூடாரமா என்று விசாரிப்பது. பெல்ட், குடை, வாசம் இல்லாத சவர்க்காரம் வாங்குவது. வழிகாட்டல் வகுப்புக்குப் போய் எந்தச் சுற்றில் எந்தத் துஆ என்று கொப்பியில் எழுதுவது. பிறகு சொந்தக்காரரைக் கூப்பிட்டுச் சஹன் வைப்பது. இதில் எதுவும் பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் முதலில் வர வேண்டிய ஒன்று இந்தப் பட்டியலில் இல்லவே இல்லை.

அது என்னவென்று நாங்களாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. இமாம் நவவி ஹஜ்ஜுக்கென்றே 'அல்ஈழாஹ்' என்று ஒரு கிதாபு எழுதியிருக்கிறார். எங்கட நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் பெரிய இமாம் அவர். அந்தக் கிதாபில் இஹ்ராம், தவாப் எல்லாம் வருவதற்கு முன்னமே பயண ஒழுங்குகள் வந்துவிடுகின்றன. தவ்பாச் செய், பிறரிடம் அநியாயமாக எடுத்ததைத் திருப்பிக் கொடு, கடனை அடை, வஸிய்யத் எழுது, வீட்டாருக்கு நீ திரும்பி வரும்வரைக்கும் செலவுக்கு வை. இமாம் கஸ்ஸாலியும் 'இஹ்யா'வில் ஹஜ் பற்றிப் பேசும்போது இதே விஷயங்களைத்தான் பயணத்தின் தொடக்கத்தில் வைக்கிறார். ஏறத்தாழ எண்ணூறு, தொள்ளாயிரம் வருடங்களாக இருக்கிற பாடம் இது. எங்கட கொப்பிகளில்தான் காணோம்.

"ஹஜ் கபூலானால் அன்று பிறந்த பிள்ளை மாதிரித்தானே திரும்பி வாறம்" என்பார்கள். உண்மைதான், அந்த நற்செய்தி இருக்கிறது. ஆனால் அல்லாஹ்வுக்குரிய ஹக்கு வேறு, அடியானுடைய ஹக்கு வேறு என்று உலமாக்கள் பிரித்துச் சொன்னதை ஏன் மறைக்கிறோம்? மனிதனுக்குச் செய்த அநியாயத்துக்குத் தவ்பா என்றால் கவலைப்படுவதோடும் அழுவதோடும் முடியாது. பொருளை உரியவர் கையில் கொடுக்க வேண்டும். ஷஹீதுக்குக்கூடக் கடன் மட்டும் மன்னிக்கப்படாது என்று ரசூலுல்லாஹ் (ஸல்) சொல்லியிருக்கும்போது, பெக்கேஜ் எடுத்துப் போன ஹாஜியாருக்கு மட்டும் எப்படி விலக்குக் கிடைக்கும்? கஃபா, அழுக்கைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வெள்ளையாக எடுத்து வருகிற லோன்றி இல்லை.

ஹிஜ்ரி 10 ஆம் ஆண்டு ஹஜ்ஜில் ரசூலுல்லாஹ் நிகழ்த்திய உரையைக் கொஞ்சம் யோசியுங்கள். உயிரும் பொருளும் மானமும் புனிதமானவை என்று அந்தப் பெரிய கூட்டத்துக்குச் சொன்னார்கள். ஜாஹிலிய்யாக் காலத்து வட்டி முழுவதையும் ரத்துச் செய்தார்கள். முதலில் ரத்தானது யாருடைய வட்டி? சொந்தச் சாச்சா அப்பாஸுக்கு வர வேண்டிய வட்டி. பழைய இரத்தப் பழிகளை ரத்துச் செய்தபோதும் தன் குடும்பத்தின் பழியைத்தான் முதலில் கைவிட்டார்கள். அறபாவில் நின்று பேசிய பேச்சு சொந்த வீட்டுக் கணக்கில் இருந்து தொடங்கியது. நாங்கள் அறபாவில் நின்று அழுவதற்குப் போகிறோம், வீட்டுக் கணக்கை ஊரில் பூட்டி வைத்துவிட்டு.

பெண்ணின் பங்கு என்று வந்தால் உடனே ஒரு பதில் வரும்: "தங்கச்சிக்குத்தான் வீடு கட்டிக் குடுத்தாச்சே." அந்த வீடு எதற்காகக் கட்டப்பட்டது? மாப்பிள்ளை வீட்டார் கேட்டதற்காக. அதைக் கட்டுவதற்குக் காக்காமார் வெளிநாட்டில் வருடக்கணக்காகக் காய்ந்ததும் எங்களுக்குத் தெரியும். அந்தக் கஷ்டத்தை நாங்கள் சின்னதாக்கவில்லை. ஆனால் வாழும்போது கொடுத்த அன்பளிப்பு வேறு, மௌத்துக்குப் பிறகு வருகிற வாரிசுப் பங்கு வேறு. ஒன்றைக் காட்டி மற்றதை வெட்ட முடியாது, அவளாக மனம் ஒத்து விட்டுக்கொடுத்தால் தவிர. நொத்தாரிசு முன்னால் காக்காமார் நாலு பேர் சுற்றி நிற்க, "ஒப்பம் வெச்சிட்டுப் போ தங்கச்சி" என்று சொல்லி வாங்கிய கையெழுத்து மனம் ஒத்ததாகுமா? இலங்கையில் முஸ்லிம்களின் வாரிசுரிமைக்கு 1931 ஆம் ஆண்டில் இருந்து தனிச்சட்டமே இருக்கிறது. ஆணின் பங்கில் பாதி என்று குர்ஆன் சொன்னதைச் சபைகளில் மணிக்கணக்கில் விளக்கம் சொல்லி நியாயப்படுத்துகிறோம். வீட்டுக்கு வந்து அந்தப் பாதியையும் கொடுக்காமல் விடுகிறோம்.

காணி மட்டும் இல்லை. மகனுக்கு வாங்கின கைக்கூலி, கடையில் வேலை செய்த பொடியனுக்கு மூன்று மாதமாகக் கொடுக்காத சம்பளம், மச்சானிடம் வாங்கி 'பார்ப்பம்' என்று தள்ளிப்போடுகிற கைமாற்று, அடுத்த வளவுக்குள் ஒரு முழம் நகர்ந்துபோன வேலி. ஹஜ் யாருக்குக் கடமை? சக்தியுள்ளவருக்கு. அடுத்தவருக்குச் சேர வேண்டிய காசைக் கழித்துப் பார்த்த பிறகும் மிஞ்சுவதுதான் சக்தி. கழித்துப் பார்த்துப் போதாமல் போனால் இந்த வருடம் உங்கள் மேல் கடமை இல்லை. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 'ஹாஜியார்' பட்டம் கடைப் பலகையில் ஏறுவது கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான்.

அடுத்தது உடம்பு. இதுவும் ஆயத்தம்தான். "அல்லாஹ் கூப்பிட்டா அவனே பாத்துக்கொள்ளுவான்" என்று சொல்லி, சீனி வருத்தத்தோடும் முழங்கால் நோவோடும் வாப்பாமாரை அப்படியே ஏற்றி அனுப்புகிறோம். முன்னொரு காலத்தில் யெமனில் இருந்து கட்டுச்சோறு இல்லாமல் ஹஜ்ஜுக்கு வந்தவர்கள் "நாங்கள் தவக்குல் வைத்தவர்கள்" என்று சொல்லிவிட்டு மக்காவில் மற்றவர்களிடம் கேட்டுத் திரிந்தார்கள். அந்தச் சந்தர்ப்பத்தில்தான் வழிச்சாமான் எடுத்துக்கொள்ளும்படி சொல்லும் வசனம் இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். சாமான்களில் சிறந்தது தக்வா என்று சொல்வதும் அதே வசனம்தான். சோற்றையும் தக்வாவையும் அல்லாஹ் ஒரே வசனத்தில் வைத்திருக்கிறான். நாங்கள்தான் பிரித்துப்போட்டோம்.

2024 ஹஜ்ஜில் மக்காவில் வெயில் 51.8 பாகை வரை போனது. 1,301 பேர் மௌத்தானதாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 வீதமானோர் முறையான அனுமதி இல்லாமல் போனவர்கள். கூடாரமும் வாகனமும் இல்லாமல் வெயிலில் வெகுதூரம் நடந்தவர்கள். "விசிட் விசாவில போய்க் குறைஞ்ச செலவில செய்யலாம்" என்று யாராவது உங்கள் உம்மாவிடம் சொன்னால், இந்தக் கணக்கை எடுத்துக் காட்டுங்கள். முறையாகப் போகிறவருக்கும் நடை குறைவில்லை. ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில் ஏழு தரம் போனாலே மூன்று கிலோமீற்றருக்கு மேல். அதனால் மூன்று, நாலு மாதத்துக்கு முன்னமே சுபஹுத் தொழுதுவிட்டு வாப்பாவையும் உம்மாவையும் நடக்கக் கூட்டிப் போங்கள். போட்டுப் பழகின செருப்பையே கொடுத்து அனுப்புங்கள். மருந்தின் பெயரையும் அளவையும் ஆங்கிலத்தில் எழுதி ஒரு பிரதி கைப்பையில் வையுங்கள். டொக்டரிடம் காட்டி ஊசிகளைக் கடைசி நாள் வரைக்கும் இழுக்காமல் போட்டு முடியுங்கள்.

இதையெல்லாம் இளம் ஆட்களுக்கு ஏன் சொல்கிறோம்? ஹஜ் பெக்கைக் கட்டுவது நாங்கள்தான். விண்ணப்பத்தை நிரப்புவது நாங்கள். பாஸ்போர்ட்டைப் பிரதி எடுப்பது, போனில் ரோமிங் போட்டுக் கொடுப்பது நாங்கள். இன்னொன்றும் இருக்கிறது. மாமிமாருக்குக் கொடுக்காத காணியில் விளைந்த நெல்லைத் தின்று வளர்ந்ததும், அந்தக் காணியை விற்ற காசில் படித்ததும் நாங்கள்தான். வாப்பாவுடைய பாவம் என்று சொல்லித் தூரத்தில் நிற்க எங்களுக்கு இடமில்லை. நாளைக்கு அந்த உறுதி எங்கட பேருக்கு வரும்போது பாவமும் சேர்ந்துதான் வரும்.

அதனால் இந்த முறை பெக் கட்டும்போது ஒரு கடதாசி எடுப்போம். வாப்பாவை எதிர்த்துக் கத்தத் தேவையில்லை. இரவு சாப்பிட்ட பிறகு பக்கத்தில் இருந்து மெதுவாகக் கேட்போம்: "வாப்பா, நாம யாருக்காவது குடுக்க இருக்கா?" அவர் சொல்லச் சொல்ல எழுதுவோம். பேர், தொகை, காணி என்றால் எத்தனை பேர்ச், எப்போது கொடுப்பது. இப்போது முடியாததை வஸிய்யத்தில் போட்டு இரண்டு பேரைச் சாட்சியாக வைப்போம். கோபம் வரலாம். அன்று இரவு பேசாமலும் இருக்கலாம். அறபாவில் அவர் கையேந்துகிற நேரம் அந்தக் கடதாசியில் வெட்டுப்படாமல் ஒரு பேரும் இருக்கக் கூடாது என்பதற்காக, அந்த ஒரு இரவுக் கோபத்தை நாங்கள் தாங்கிக்கொள்ளலாம்.

பயணம் சொல்லப் போகும்போது நாங்களும் கூடப் போவோம். தெருக்கோடியில் இருந்தே தொடங்குவோம். கதவு திறக்கச் சுணங்கினாலும் நிற்போம். "மாப்புச் செய் தங்கச்சி" என்று வாப்பா சொல்லும்போது அவர் கையில் உறுதி இருக்கட்டும்.