மச்சான் என்கிற வாக்கு

நண்பனை 'மச்சான்' என்று அழைப்பது கொச்சை என்று ஒரு தமிழாசிரியர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். அதையும் சுருக்கி 'மச்சி' என்பது இன்னும் கொச்சையாம். பெண்பிள்ளைகள்கூட ஒருத்தியை ஒருத்தி அப்படிக் கூப்பிடுவது கலிகாலமாம்!

ஐயா, கொச்சை அந்தச் சொல்லில் இல்லை. அதைச் சொல்லிவிட்டு நாம் நடந்துகொள்கிற விதத்தில் இருக்கிறது.

மச்சான் யார்? அக்காளைக் கட்டியவன், மனைவியின் சகோதரன், மாமன் மகன், அத்தை மகன். சுருங்கச் சொன்னால், பெண் கொடுக்கவும் எடுக்கவும் முறையுள்ளவன். அண்ணன், தம்பி என்று ஊரையே அழைத்துவிடலாம். அந்த உறவில் சம்பந்தம் பேச இடமில்லை, ஆகவே ஆபத்தும் இல்லை. அயலான் ஒருவனை 'மச்சான்' என்பதோ, 'என் வீட்டில் உனக்கு முறை உண்டு' என்று வாக்குக் கொடுப்பதாகும். கடல் கடந்து இலங்கையில் சிங்கள வாலிபர்களும் தோழனை 'மச்சங்' என்றுதான் அழைக்கிறார்கள். இத்தனை பெரிய வாக்கைத்தான் நாம் டீக்கடைப் பெஞ்சியில் வாரி இறைக்கிறோம்.

மேடையில் பாருங்கள்: 'நாங்கள் சாதி மதம் பாராமல் மாமன் மச்சானாகப் பழகுகிறோம்' என்று மார்தட்டுவார்கள். பழகுவது சரி, சம்பந்தம் உண்டா என்று கேளுங்கள், கூட்டம் கலைந்துவிடும்! சாதி மாறிய இந்துத் திருமணம் செல்லும் என்று 1949-லேயே சட்டம் வந்தாயிற்று. மதம் விட்டு மதம் மணப்பதற்கும் 1954-ல் தனிச் சட்டம் செய்தாயிற்று. ஆனாலும் 2016-ல் உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், பலர் பார்த்திருக்க, சாதி மாறி மணந்த ஒரு வாலிபனை வெட்டிச் சாய்த்தார்கள்.

ஊரைச் சொல்வானேன்? என்னையே சொல்கிறேன். கல்லூரி நாட்களில் எனக்கு ஒரு மச்சான் இருந்தான்; வேறு சாதிக்காரன். ஒரே இலையில் சாப்பிட்டோம். என் தங்கையை மணக்க விரும்புவதாக ஒருநாள் அவன் சொன்னபோது நான் கோபப்படவில்லை. 'வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்' என்றேன். வீட்டில் நான் கேட்கவே இல்லை; என் தங்கையையும் கேட்கவில்லை. மறுநாள் முதல் அவன் என்னைப் பெயர் சொல்லி அழைத்தான். அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

ஆகவே, ஐயா, பிள்ளைகளிடமிருந்து அந்தச் சொல்லைப் பிடுங்காதீர்கள். அதன் பொருளைச் சொல்லிக்கொடுங்கள். மச்சான் என்று தாராளமாகக் கூப்பிடட்டும். கூப்பிட்டபின் கதவைச் சாத்தாமல் இருக்கட்டும்.