கதிரைகள் கொஞ்சம் முந்தி வந்தால் என்ன?

கெலிஓயாவில் ஒரு வீட்டில் மௌத்து என்று பள்ளி ஸ்பீக்கரில் சொன்னால் கொஞ்ச நேரத்தில் கதிரை வந்துவிடும். டென்ட் வந்துவிடும். சந்தூக்கு, கபன் துணி, குளிப்பாட்ட ஆள், அடுத்த வீட்டிலிருந்து சாப்பாடு என்று எதற்கும் அந்த வீட்டுக்காரர் ஓடித்திரியத் தேவையில்லை. ஜனாஸா சங்கம் பார்த்துக்கொள்ளும். பக்கத்துச் சிங்கள ஊர்களில் இதுவே மரணாதார சமிதி, தோட்டப்பக்கம் மரண உதவிச் சங்கம். மாதச் சந்தா, கணக்குக் கொப்பி, வருஷாந்தக் கூட்டம் எல்லாம் உண்டு. எனக்குத் தெரிந்த சங்கங்களிலேயே ஒழுங்காக வேலை செய்வது இவைதான். (கெம்பஸ் சங்கங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

அதே மனுஷன் அதற்கு முந்தின ஐந்து மாதமும் கட்டிலில் கிடந்தாரே, அப்போது யார் வந்தார்கள்? வந்தார்கள்தான். ஹோர்லிக்ஸ் போத்தலோடு வந்து, கால்மணித்தியாலம் இருந்து, "அல்லாஹ் லேசாக்கித் தரட்டும்" என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார்கள். அந்த டீயை ஊற்றியதும் இரவெல்லாம் நோயாளியோடு முழித்திருந்த அதே பெண்தான்.

ஹொஸ்பிஸ் என்ற பேச்சை எடுத்தாலே எங்கட வீடுகளில் ஒரே பதில்தான் வரும்: "எங்கட ஆக்கள நாங்களே பார்ப்போம், வெளிய விடமாட்டோம்." கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் அந்த "நாங்க" யார்? நான் போய்ப் பார்த்த வீடுகளில் அது ஒரே ஒரு ஆள். மனைவி, இல்லாவிட்டால் மகள், பெரும்பாலும் மருமகள். ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வரும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். புண் வந்த பிறகு "சரியாப் பார்க்கல்ல" என்று சொல்ல மட்டும் ஆள் இருக்கும்.

ஹொஸ்பிஸ் என்றதும் சாவதற்காகக் கொண்டுபோய் விடுகிற கட்டிடம் என்றே நினைக்கிறோம். 1967இல் லண்டனில் சென் கிறிஸ்டோபர்ஸ் ஹொஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சோண்டர்ஸ் முதலில் தாதி, பிறகு சமூக சேவையாளர், அதற்குப் பிறகுதான் டொக்டர். அதனாலோ என்னவோ, வலியை அவர் உடம்போடு நிறுத்தவில்லை. காசுக் கவலை, பிள்ளைகளை நினைத்து வருகிற பயம், "ஏன் எனக்கு?" என்ற கேள்வி எல்லாம் சேர்ந்ததுதான் நோயாளியின் வலி என்றார். வீட்டாரையும் கவனிக்கப்பட வேண்டியவர்களாகவே பார்த்தார். வார்ட்டில் செய்கிற இந்த வேலையை ஒரு வீட்டு முன்னறையிலும் செய்யலாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து "இனிச் செய்றதுக்கு ஒண்டும் இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்பிய கதை எல்லாக் குடும்பத்திலும் ஒன்று இருக்கும். நோயைச் சுகமாக்க ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் செய்வதற்கு வேலை மலைபோல இருக்கிறது. வலி, வாந்தி, மூச்சு முட்டுவது, வாய் காய்வது, நித்திரையில்லாமை எல்லாவற்றுக்கும் வழி உண்டு. மோர்பின் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிற மருந்து. எங்கட சொந்தத்திலேயே ஒரு வீட்டில், டொக்டர் எழுதிக்கொடுத்த மோர்பின் குளிசையை "பழகிடும்" என்று பயந்து அலுமாரியில் பூட்டி வைத்தார்கள். உள்ளே அவர் கத்திக்கொண்டிருந்தார். கடும் புற்றுநோய் வலிக்கு டொக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் போதைக்கு அடிமையாவது அரிது. மலச்சிக்கல்தான் அடிக்கடி வரும், அதற்கும் மருந்து சேர்த்தே கொடுப்பார்கள்.

சாப்பாடும் அப்படித்தான். கடைசி நாட்களில் உடம்பே சாப்பாட்டை வேண்டாம் என்கிறது. அதை விளங்காமல் கஞ்சியை வாயில் ஊற்றினால் புரைக்கேறும். நனைத்த பஞ்சால் உதட்டை ஈரமாக்கினால் போதும் என்று ஒரு ஆள் வந்து சொன்னால், "பட்டினி போட்டுட்டேனே" என்று ஒரு மகள் காலம் முழுக்க அழத் தேவையில்லை.

இதையெல்லாம் சாகும் கட்டத்தில்தான் தொடங்க வேண்டும் என்றும் இல்லை. 2010இல் அமெரிக்காவில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளர்கள் 151 பேரை வைத்துச் செய்த ஆய்வொன்று வெளியானது. ஆரம்பத்திலிருந்தே நோய்த்தணிப்புப் பராமரிப்பும் சேர்ந்து கிடைத்தவர்கள் மற்றவர்களைவிட நிம்மதியாக இருந்தார்கள். கிட்டத்தட்ட மூன்று மாதம் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள்.

இலங்கையில் இது இல்லாமலில்லை. மஹரகமையில் புற்றுநோய்ச் சங்கத்தின் சாந்த செவன இருக்கிறது, 2019 முதல் 2023 வரைக்கான தேசியத் திட்டமும் எழுதப்பட்டது. ஆனால் கெலிஓயாவிலிருந்து மஹரகமை நூறு கிலோமீட்டருக்கு மேல். எழுந்து உட்காரவே முடியாத ஒருவருக்கு அது இல்லாத மாதிரித்தான்.

நான் பொறாமைப்படுவது கேரளாவைப் பார்த்து. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டொக்டர் ராஜகோபாலும் டொக்டர் சுரேஷ் குமாரும் சிறிதாக ஒரு கிளினிக் தொடங்கினார்கள். நோயாளிகளால் அங்கே வர முடியவில்லை என்று விளங்கியதும் வேலை ஊருக்குள் போனது. பக்கத்து வீட்டு ஆக்களைத் தொண்டர்களாகப் பயிற்றுவித்தார்கள். ஊர்ச்சனமே சின்னச் சின்னத் தொகையாகக் காசு சேர்த்தது. தாதி வீடு வீடாகப் போனார். மலப்புறம் மாதிரியான மாவட்டங்களில் இது நன்றாக வேரூன்றியது. 2008இல் மாநில அரசே இதற்கென்று கொள்கை வகுத்தது. அரசாங்கம் வரும்வரை சனம் காத்திருக்கவில்லை.

சந்தா, தொண்டர், ஊர்க்கூட்டம் என்று அவர்கள் புதிதாகக் கட்டியதில் பாதி எங்களிடம் ஏற்கனவே இருக்கிறது. மௌத்துக்குப் பிறகுதான் அது கதவைத் தட்டுகிறது, அவ்வளவுதான்.

இதைச் சொன்னபோது பெரியவர் ஒருவர், "ஜனாஸா சங்கத்து ஆள் நோயாளிட வீட்டுக்குப் போனா, அளவெடுக்க வந்த மாதிரி ஆயிடுமே மகள்" என்றார். சிரித்தேன், ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அப்படியென்றால் வேறு பெயரில் போகட்டும். ஒரு காத்து மெத்தை, ஒரு கொமோட் கதிரை, ஒரு வீல் செயார் வாங்கி இரவலுக்குக் கொடுப்பதிலிருந்து தொடங்கட்டும். கிழமைக்கு ரெண்டு பின்னேரம் நோயாளிக்குப் பக்கத்தில் இருக்க, பயிற்சி எடுத்த ரெண்டு பேர் வந்தால் அந்த மருமகளுக்கு ரெண்டு பின்னேரம் நித்திரை கிடைக்கும். பேராதனை ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து ஒரு தாதியை அழைத்துப் பயிற்சி கேட்பது பெரிய காரியமா?

வருஷாந்தக் கூட்டத்தில் வழமையாக வருகிற சண்டை, டென்ட் பழசாகிவிட்டது, புதிது வாங்குவதா இல்லையா என்பதுதான். இந்த முறை யாராவது எழும்பி ஒரு காத்து மெத்தை என்ன விலை என்று கேளுங்கள். எங்களை அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை. அதனால் இதை வாசிக்கிற தம்பிமாரே, நானாமாரே, கேட்கிற ஆள் நீங்களாகத்தான் இருக்க வேண்டும்.