எது அசல் புய்யபேஸ்?

புய்யபேஸ் என்றதும் பெரிய ஓட்டல் சாப்பாடு என்று நினைக்கிறோம். மர்சேய் மீனவர்கள் விற்காமல் மிஞ்சிய முள் மீன்களைக் கொதிக்கவைத்த குழம்புதான் அது. 1980-இல் அங்குள்ள உணவகக்காரர்கள் சிலர் இன்னின்ன மீன்தான் சேரவேண்டும் என்று சாசனமே எழுதிவிட்டார்கள். விலையும் ஏழைக்கு எட்டாது.

எங்கள் வீட்டில் பூண்டு, தக்காளி, சோம்பு எல்லாம் உண்டு. குங்குமப்பூவுக்குப் பதில் மஞ்சள். மீன், அன்று கிடைக்கும் சங்கராவோ கொடுவாவோ. பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்கள் "இது அசல் இல்லை" என்கிறார்கள். அன்றைய வலையில் வந்ததைச் சட்டியில் போடுவதுதானே அசல்?

சாசனம் நமக்கு வேண்டாம். ஆனால் உங்கள் வீட்டுப் பக்குவத்தை அளவோடு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். நமக்குப் பிறகு பேரப்பிள்ளைகள் யாரைக் கேட்பார்கள்?