ஆதரவிழந்த இயங்குதளத்துக்கு உரிமம் வாங்குவதா?

சென்ற மாதம் எமது பணிமனைக்கு வந்திருந்த ஒரு தமிழ்ப் பாடசாலையின் பொருளாளர், சட்டைப்பையிலிருந்து துண்டுக் காகிதமொன்றை எடுத்து மேசையில் வைத்தார். "அண்ணை, விண்டோஸ் 10 உரிமம் ஒன்று பத்து யூரோவாம். எட்டுக் கணனிக்கும் எண்பது யூரோ. நிர்வாகசபை சம்மதம். உங்களிட்டையும் ஒருக்கா கேட்டுப்போட்டு வாங்குவம் எண்டு வந்தனான்" என்றார்.

ஜேர்மனியிலுள்ள அலுவலகமொன்று கழித்துவிட்ட எட்டுக் கணனிகளை அப் பாடசாலைக்கு இலவசமாகக் கொடுத்திருந்தது. வன்தட்டுக்கள் முற்றாக அழிக்கப்பட்டிருந்தன. எண்பது யூரோ பெருந்தொகையன்று. ஆயினும் அது பெற்றோர் மாதந்தோறும் கொடுக்கும் சந்தாப் பணம். எனவே நாம் உடனே விடை கூறாது, கணனிகளைப் பார்த்துவிட்டுச் சொல்வதாகக் கூறினோம்.

மைக்ரோசொப்ட் நிறுவனம் 2015 யூலை 29ஆம் நாள் வெளியிட்ட விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. ஆதரவு முடிந்ததென்றால் கணனி நின்றுவிடும் என்பதன்று பொருள். அது முன்போலவே இயங்கும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைப்பதற்கு இனி எவரும் வரார் என்பதே பொருள். கூரை வேய்ந்தவன் ஊரைவிட்டுப் போய்விட்டான், வீடு மட்டும் நிற்கின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாரி வந்தால் என்ன நிகழும் என்பதை 2017ஆம் ஆண்டிலே உலகம் கண்டது. அவ்வாண்டு மே 12ஆம் நாள் 'வன்னாகிறை' என்னும் நச்சுநிரல் பரவி, சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணனிகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்டது. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் நோயாளரைத் திருப்பி அனுப்பின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சில், ஆதரவிலிருந்த பதிப்புக்களுக்கு வெளியாகியிருந்தது. 2014 ஏப்ரலில் ஆதரவு முடிந்திருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கோ, தாக்குதல் நிகழ்ந்த பின்னரே அவசரத் திருத்தம் கிடைத்தது. அது ஒரு விதிவிலக்கு. ஒவ்வொரு முறையும் அத்தகைய இரக்கம் கிட்டுமென எதிர்பார்க்கலாகாது.

பாடசாலைக் கணனியில் களவெடுக்க என்ன இருக்கின்றது என்று கேட்பாருளர். பிள்ளைகளின் பெயர், பிறந்த நாள், பெற்றோரின் வங்கிக் கணக்கிலக்கம் யாவும் அதில்தான் இருக்கும். அதுமட்டுமன்று, மொழி தெரியாத பெற்றோருக்காக வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு ஆசிரியர்கள் எழுதிக் கொடுக்கும் கடிதங்களும் அங்கேதான் தட்டச்சாகின்றன. அவை வெளியார் கையில் அகப்படுவதைப் பாடசாலை விரும்பாது.

பத்து யூரோ உரிமத்துக்கு வருவோம். பழைய மென்பொருளுரிமத்தை மறுபடி விற்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் குற்றமன்று. யூஸ்ட்சொப்ட் நிறுவனத்துக்கும் ஒராக்கிள் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், 2012 யூலை 3ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றம் அதனை ஏற்றுக்கொண்டது. ஆயினும் முதலில் வாங்கியவர் தம்மிடமுள்ள பிரதியைப் பயன்படாதவாறு செய்துவிட வேண்டும் என்றும், மொத்தமாக வாங்கிய உரிமத்தைத் துண்டுபோட்டு விற்கலாகாது என்றும் அதே தீர்ப்புக் கூறிற்று. மின்னஞ்சலில் வரும் இருபத்தைந்து எழுத்துக்கள் யாருடையவை, எந்தக் கட்டிலிருந்து பிய்க்கப்பட்டவை என்பதற்கு ஆதாரம் உண்டா என விற்பவரிடம் கேட்கும்படி பொருளாளரிடம் கூறினோம். கேட்டார். பதில் வரவில்லை.

பின்னர் கணனிகளைத் திறந்து பார்த்தபோது எமக்குச் சிரிப்பே வந்தது. அவை 2016, 2017ஆம் ஆண்டுகளில் விண்டோஸ் 10 உடன் விற்கப்பட்டவை. 2012இல் விண்டோஸ் 8 வந்த காலம் முதல், கணனி தயாரிப்போர் உரிம இலக்கத்தைத் தாய்ப்பலகையின் நிரந்தர நினைவகத்திலேயே பதித்துவிடுகின்றனர். வன்தட்டை அழித்தாலும் அது அழியாது. அதே பதிப்பை மறுபடி நிறுவினால் கணனி தன் இலக்கத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். அதாவது, பாடசாலை தன்னிடம் ஏற்கெனவே இருந்ததையே எண்பது யூரோ கொடுத்து வாங்கவிருந்தது! இலவசமாகக் கணனி பெறும் சங்கங்கள் இதனை முதலில் கவனிப்பது நன்று.

விண்டோஸ் 11க்கு ஏறிவிடலாமே என்றால், அதற்கு ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்ரெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதும் வேண்டும். இவையோ ஆறும் ஏழும். அலுவலகம் இவற்றைக் கழித்துவிட்டதன் காரணமும் இதுவாகவே இருக்கலாம். வீட்டுப் பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை மேலதிகப் பாதுகாப்புத் திருத்தங்களை வழங்க மைக்ரோசொப்ட் முன்வந்தது. ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் இலவசமாக, ஏனைய இடங்களில் 30 டொலர் கட்டியோ வேறு சில வழிகளிலோ. நிறுவனங்களுக்கு அதன் விலை முதலாண்டில் கணனியொன்றுக்கு 61 டொலர், பின்னர் ஆண்டுதோறும் இரட்டிக்கும் என அறிவிக்கப்பட்டது. பாடசாலை வீடன்று. ஆகவே எட்டுக் கணனிகளிலும் லினக்ஸ் மின்ற் நிறுவலாமென்றோம். அது இலவசம், திருத்தங்கள் ஒழுங்காக வரும், தமிழ்99, ஒலியியல் ஆகிய இரு விசைப்பலகை முறைகளும் அதிலுண்டு. ஒரு ஆசிரியை மட்டும் தாம் பாவிக்கும் பாட இறுவட்டு அதில் ஓடவில்லையென்று எம்மீது இன்னும் மனத்தாங்கலாக இருக்கிறார். அவரது குறை நியாயமானதே.

இத்துடன் கதை முடிந்ததென எண்ணி எழுந்தபோது, பொருளாளர் அறையின் மூலையைக் காட்டினார். அங்கே சீலை போர்த்தபடி ஒரு விண்டோஸ் 98 கணனி. 1998 முதல் 2004 வரையிலான ஆண்டு மலர்கள் அதில்தான் பேஜ்மேக்கரில், பாமினி எழுத்துருவில் அமைக்கப்பட்டிருந்தன. பாடசாலையைத் தொடக்கிய ஆசிரியர் எழுதிய பாடநூலும் அதனுள்ளேதான். அவர் இன்று எம்மிடையே இல்லை. அச்சுப் பிரதிகளோ நிலவறையில் தண்ணீர் புகுந்தபோது ஊறி அழிந்தன. வன்தட்டு கரகரத்துக்கொண்டிருந்தது. இதைப் பற்றி நிர்வாகசபை ஒரு சதம்கூட ஒதுக்கியிருக்கவில்லை.

முதல் வேலையாக வன்தட்டைக் கழற்றி, உள்ளிருந்த யாவற்றையும் இரண்டு இடங்களில் பிரதி எடுத்தோம். லிப்ரே ஆபிஸ் 2015ஆம் ஆண்டு முதல் பேஜ்மேக்கர் கோப்புக்களைத் திறக்க வல்லது. திறந்தது, ஆனால் பத்திகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. பாமினி நிறுவியிராத கணனியிலோ, பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துக்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்கவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி.

இவ்விடத்திலேதான், ஆதரவு முடிந்த இயங்குதளமொன்றைக் காசு கொடுத்து வாங்கும்படி நாம் கூறினோம். விண்டோஸ் எக்ஸ்பியன்று, விண்டோஸ் 2000. அதன் ஆதரவு 2010 யூலை 13ஆம் நாளே முடிந்துவிட்டது. ஆயினும் எக்ஸ்பி, நிறுவிய முப்பது நாட்களுக்குள் நிறுவனத்திடம் கேட்டு உறுதிப்படுத்தும்படி நிற்பது. கேட்க வேண்டிய இடம் ஒருநாள் மூடப்பட்டால், கையில் உரிமம் இருந்தும் பயனில்லை. விண்டோஸ் 2000 எவரையும் கேட்பதில்லை. இறுவட்டும், நம்பகச் சான்றிதழும், முதல் உரிமையாளரின் பற்றுச்சீட்டும் கொண்ட பழைய பிரதியொன்று நாற்பது யூரோவுக்குக் கிடைத்தது. பொருளாளர் முகம் சுளித்தார். "புதுசுக்குப் பத்து, பழசுக்கு நாற்பதோ?" என்றார்.

அதனை லினக்ஸ் கணனியொன்றினுள்ளே, வேர்ச்சுவல்பொக்ஸ் என்னும் இலவச மென்பொருளின் உதவியுடன், கணனிக்குள் கணனியாக அமர்த்தினோம். அதற்கு இணையத் தொடர்பு கொடுக்கவில்லை; கொடுக்கவும் கூடாது. பாடசாலையிடமே இருந்த பேஜ்மேக்கர் வட்டை நிறுவி, ஒவ்வொரு மலரையும் திறந்து, போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பாக்கி, பின்னர் பி.டி.எவ். ஆக மாற்றினோம். பாடநூலின் எழுத்துக்கள் தனியே யூனிக்கோட்டுக்கு மாற்றப்பட்டுவருகின்றன. 'ற', 'ர' மயக்கமின்றி ஒப்புநோக்கும் பணியை இரு தாய்மார் ஏற்றுள்ளனர்.

ஏழு மலர்களில் ஆறு முழுமையாக மீண்டன. 1998ஆம் ஆண்டு மலரின் அட்டைத் தலைப்பு பாமினியன்றி வேறொரு எழுத்துருவில் அமைந்தது. அது அந்த வன்தட்டில் இல்லை. அக்காலத்தில் பக்கவமைப்புச் செய்த அன்பர்கள் எவரிடமேனும் பழைய எழுத்துரு வட்டுக்கள் இருப்பின், எமது பணிமனைக்கு அறியத்தரவும். நெகிழ்வட்டாயினும் பாதகமில்லை, படிக்கும் கருவி எம்மிடம் உண்டு.